உரம் போட்ட கையோடு கண்டிக்குப் போனது

பொகவந்தலாவைப் பக்கமிருந்து கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது எண்பத்தாறில், என் மூத்த மகள் செல்வி தொடையில் கட்டி வந்து இறந்த மூன்றாம் மாதம். அவளுக்கு ஏழு வயது.

அப்போது எனக்குத் தேயிலைத் தோட்டத்தில் உரம் போடும் வேலை. உரம் விழுந்த மலையில் கொழுந்து எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கையால் ஊட்டியதால்தான் கட்டியும் அப்படி வளர்ந்தது என்று நினைத்தேன். லயத்து வீடுகளிலும் அப்படித்தான் பேசினார்கள். டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு பிடி உரத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

காலை ஐந்தரை பஸ். ஹட்டனுக்கு ஏழே கால். அங்கே பஸ் மாறி, கினிகத்தேனை வழியாகக் கண்டிக்குப் பத்தரை. வளைவு அதிகம், வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள்.

கண்டக்டர் பொட்டலத்தைப் பார்த்தார். “என்னக்கா, சீனியா?”

“உரம் தம்பி.”

“கண்டியில தேயிலை நடப் போறீங்களாக்கும்.”

ஆஸ்பத்திரியில், செல்விக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா பொட்டலத்தைக் கண்டு சிரிக்கவில்லை. கண்ணாடிச் சில்லு ஒன்றைப் நுணுக்குக்காட்டியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் புள்ளி புள்ளியாக, எண்ணி முடியாது.

“இதெல்லாம் செல்லு. சாப்பாடு கிடைச்சா மட்டும் பெருகாதும்மா. ‘பெருகு’ன்னு சேதி வரணும். அத வாங்க செல்லோட மேல்தோல்ல ஏற்பின்னு ஒண்ணு இருக்கு. சேதி அதுல வந்து ஒட்டுனா உள்ள தகவல் போகும், செல்லு ரெண்டாகும். சேதி நின்னா அடங்கிரும்.”

“காலையில பெரட்டுக்கு ஆள் கூப்பிடக் கொம்பு ஊதுனா நாங்க வெளிய வர்ற மாதிரிங்களா?”

“அதேதான். சில கட்டியில கொம்பு ஊதாமலே ஏற்பி ‘ஊதியாச்சு’ன்னு உள்ள சொல்லிக்கிட்டே இருக்கும். செல்வி கட்டியில இதுதான் நடந்துச்சான்னு தெரியாது. இப்பத்தான் கண்டுபிடிச்சுக்கிட்டு வர்றாங்க. ஆனா இந்த உரம் வளக்கல. கையக் கழுவுங்க, அது வேற விஷயம்.”

என் விரலைப் பார்த்தேன். புல்வெட்டும் கத்தி பட்ட தழும்பு. பிளந்த தோல் வளர்ந்து மூடி, சரியான இடத்தில் நின்றிருக்கிறது. நான் தூங்கும்போதும் இத்தனை கோடி செல் சேதிக்குக் காத்திருந்து, கேட்டு, அடங்கியிருக்கிறது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. எனக்குள் இவ்வளவு ஒழுங்கு இருந்ததை யாரும் சொன்னதில்லை.

போகிறவர்கள் பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். திரும்ப ஒரு மணி பஸ்ஸைப் பிடியுங்கள். மனதில் கிடப்பதை வெட்கப்படாமல் கேளுங்கள்.

ஆறு மணிக்கு வீடு வந்தேன். என் கை படக் கூடாதென்று மூன்று மாதமாகக் கரண்டியால் ஊட்டி வந்த சின்ன மகளுக்கு, கையைக் கழுவிவிட்டுச் சோறு பிசைந்தேன்.