வக்கீலம்மா எடுத்த பக்கம்

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் எல்லோரும் அவளை வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டம் படித்தவள் அல்ல. கொள்முதல் அதிகாரி. பெட்டி செய்யத் தேவையான காகித உருளைகளை ஆலைகளில் பேரம் பேசி வாங்கிப் போடுவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்துவந்தாள். காகிதத்தின் ஓரத்தை விரலிடுக்கில் வைத்து ஒரு தேய் தேய்த்தால் போதும், ஆலைக்காரன் சொன்ன எடை இருக்கிறதா, கொஞ்சம் கைவரிசை காட்டியிருக்கிறானா என்று சொல்லிவிடுவாள்.

பட்டப்பெயர் கேன்டீனில் வந்தது. எந்த விஷயமானாலும் இரண்டு பக்கமும் பேசுவாள். ஜன்னலைத் திறந்து வைப்பதே நல்லது என்று பத்து நிமிடம் பேசி மேசை முழுவதையும் தலையாட்ட வைத்துவிட்டு, "இப்ப மூடி வைக்கறது ஏன் நல்லதுன்னு சொல்லட்டுமா?" என்பாள். "ஐயோ வக்கீலம்மா, விட்டுடுங்க, சோறு ஆறிடும்" என்று கும்பிடுவார்கள்.

மேசையில் தினமும் அவளுக்கு எதிரே உட்காருபவர் நிதி மேலாளர். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவரை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அது வாய்வார்த்தைக்குச் சொன்ன அண்ணா அல்ல. அவள் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஆறு வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அந்த ஆறு வாரமும் ஆலைகளுக்கு போன் போட்டு, லாரிக்குக் காத்திருந்து, அவள் வேலையையும் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டவர் அவர்தான். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

கம்பெனி தன் பழைய கிடங்கு ஒன்றை விற்றது. கைக்கு வந்த பெரிய தொகை வங்கியில் சும்மா கிடந்தது. எம்.டி. ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து வாயைத் திறந்தால் பிட்காயின் மாதிரியான கிரிப்டோ காசுதான். கம்பெனிப் பணத்தை அதில் போடவேண்டும் என்பது அவர் ஆசை. ஒருநாள் அவளையும் அண்ணாவையும் தன் அறைக்கு அழைத்தார்.

"நான் சொன்னா இயக்குநர்கள் தலையாட்டிடுவாங்க. எனக்கு அது வேண்டாம். ரெண்டு பக்கமும் அலசி ஆராயணும். வக்கீலம்மா, நீங்க ஆதரிச்சுப் பேசுங்க. அவர் எதிர்த்துப் பேசட்டும். ஒரு பயிற்சின்னு வெச்சுக்கங்க."

"சார், எனக்கு அதுல துளிகூட நம்பிக்கை இல்லையே."

"அதனாலதான் உங்களைக் கேக்கறேன். நம்பறவங்க பேசினா அது பிரசங்கம். நம்பாதவங்க பேசினாதான் வாதம்."

அந்த வாக்கியம் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து கணவரிடம் இரண்டு தடவை சொன்னாள்.

இரண்டு வாரம் மும்முரமாகப் படித்தாள். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுப்பவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, இயக்குநர்கள் முன் பேசுவதுபோலப் பேசிப் பார்ப்பாள்.

"சரிம்மா, இதைக் கொடுத்தா எங்க கடையில ஒரு ஃப்ரேம் வாங்க முடியுமா?"

"முடியாது."

"அப்புறம் எதுக்கு அதுக்குக் காசுன்னு பேரு?"

அவள் கடகடவென்று சிரித்தாள். அந்தக் கேள்வியைத் துண்டுச்சீட்டில் எழுதி, மறுநாள் மதியம் அண்ணாவிடம் நீட்டினாள். "இது உங்க பக்கத்துக்கு. என் வீட்டுக்காரர் உபயம்."

அதோடு நிற்கவில்லை. எதிர்த்தரப்புக்கு இருப்பதிலேயே பலமான வாதத்தையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். "அண்ணா, நல்லா கேட்டுக்கங்க. ஆலைக்காரன் திடீர்னு விலையை ஏத்தி, முன்பணம் வெச்சாதான் உருளை தருவேன்னு நிப்பான். அதே மாசம் இந்தக் கிரிப்டோ பாதியா விழுந்து கிடந்தா? வித்தா நஷ்டம், விக்காட்டி மிஷின் நிக்கும். 'நம்ம தொழிலுக்குக் கையில காசு எப்ப வேணும்னு நம்மளால சொல்ல முடியுமா'ன்னு கேளுங்க. என்கிட்ட பதில் இல்ல. நான் தோத்துடுவேன்."

அண்ணா தலையைக் குனிந்தபடியே அதைக் குறித்துக்கொண்டார். "நீ ரொம்ப நல்லவம்மா" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தாள்.

விவாத நாள் வந்தது. நீளமான மேசை, ஐந்து இயக்குநர்கள். அவர்களில் மூத்தவர் கம்பெனியைத் தொடங்கியவரின் தங்கை. எல்லோருக்கும் அவர் பெரியம்மா.

வக்கீலம்மா எழுந்தாள். படித்ததை ஒப்பிக்காமல் தன் தொழிலிலிருந்தே ஆரம்பித்தாள். "அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு தொகைக்கு நூறு உருளை வாங்கினேன். இன்னிக்கு அதே தொகைக்கு அறுபது வருது. பேங்க்ல பத்திரமா இருக்குன்னு நாம நினைக்கற பணத்தை உட்கார்ந்த இடத்துலயே கரையான் அரிக்குது. நோட்டை எவ்வளவு வேணும்னாலும் அச்சடிக்கலாம். பிட்காயின் இவ்வளவுதான் வரும்னு முன்கூட்டியே வரம்பு போட்டுட்டாங்க. ஞாயித்துக்கிழமைகூட விக்கலாம், வாங்கலாம். எல்லாத்தையும் கொண்டுபோய்ப் போடச் சொல்லல. நூத்துல அஞ்சு. அது முழுசாப் போனாலும் நாம நிமிந்து நிக்கலாம். ஏறினா, காகித விலை ஏறும்போது கைகொடுக்கும்."

பேசப் பேச அவளுக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ஒரு இயக்குநர் கைதட்டினார்.

அடுத்து அண்ணா. எழுந்திருக்கக்கூட இல்லை. காகிதத்தைப் பார்த்து முணுமுணுவென்று படித்தார். விலை ஏறி இறங்கும், சட்டம் இன்னும் தெளிவாகவில்லை, ரகசிய எண் தொலைந்தால் பணம் போச்சு. மூன்றே விஷயம். மூக்குக்கண்ணாடி ஃப்ரேம் வரவில்லை. ஆலைக்காரன் வரவில்லை. 'கேளுங்க அண்ணா, அதைக் கேளுங்க' என்று அவள் மனசுக்குள் கத்தினாள்.

"உங்க எதிர்ப்பு இவ்வளவுதானா?" என்று பெரியம்மா கேட்டார்.

"இவ்வளவுதாங்க" என்றார் அண்ணா.

பாவம், பெரிய மனிதர்களைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். ஜெயித்த சந்தோஷம்கூட முழுசாக ஏறவில்லை. வெளியே வந்ததும், "தலை வலிக்குதா அண்ணா?" என்றுதான் கேட்டாள்.

கம்பெனி கிரிப்டோ வாங்கிவிட்டதாகப் பேச்சு அடிபட்டது. எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. நூற்றுக்கு ஐந்து என்றே அவள் இருந்துவிட்டாள்.

ஐந்து மாதம் கழித்து, அவள் பயந்தது அப்படியே நடந்தது. ஆலைகள் விலையை ஏற்றி, முன்பணம் கேட்டன. அவள் அண்ணாவின் அறைக்கு ஓடினாள். "கொஞ்சம் பொறும்மா" என்றார். மறுநாளும் பொறு என்றார். கிரிப்டோ பாதிக்கும் கீழே விழுந்திருந்தது. அவள் ஆலை ஆலையாகப் போன் போட்டுக் கெஞ்சினாள். பத்தொன்பது வருடத்தில் கெஞ்சியதில்லை. அட்டை ஒட்டும் பெரிய மிஷின் நின்றது. ஒருநாள் இரண்டுநாள் அல்ல, பதினொரு நாள். நீராவியும் பசை வாசனையும் இல்லாமல் அந்தக் கூடம் வேறு யாரோ ஒருவருடைய இடம் மாதிரி இருந்தது. ஷிப்டுக்காரர்களுக்கு அரைச் சம்பளம்.

வாசலில் பசைப் பிரிவுப் பெண் ஒருத்தி அவளை மறித்தாள். "நீங்க பேசித்தான் பணத்தை அதுல போட்டாங்களாமே. நல்லா பேசினீங்களாம். எங்க அரைச் சம்பளத்துக்கும் கொஞ்சம் பேசுங்களேன்."

அதே வாரம் இயக்குநர்கள் கூட்டத்துக்கு அவளுக்கு அழைப்பு வந்தது. எம்.டி. அவள் முன் ஒரு தாளை நகர்த்தினார். விவாதம் நடந்த நாளின் நடவடிக்கைக் குறிப்பு. 'கொள்முதல் அதிகாரியின் விரிவான பரிந்துரையை ஏற்று முதலீடு செய்யத் தீர்மானிக்கப்பட்டது.'

"சார், அது பயிற்சின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பயிற்சியா? அப்படி எங்க எழுதியிருக்கு?"

"அஞ்சு சதவீதம்னுதானே நான் சொன்னேன்!"

"அளவெல்லாம் நிர்வாகம் முடிவு பண்றது. யோசனை உங்களோடது."

அவள் திரும்பினாள். மேசைக் கோடியில் அண்ணா உட்கார்ந்திருந்தார். "அண்ணா, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. எனக்கு நம்பிக்கையே இல்லன்னு சொன்னேனா இல்லையா? நீங்க சொல்லுங்க."

அண்ணா பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். "எனக்குச் சரியா ஞாபகம் இல்லைங்க" என்றார்.

அவளிடம் அல்ல. எம்.டி.யிடம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். "அந்த 'இல்லைங்க'கூட எம்.டி.க்குத்தான். அண்ணா என் முகத்தையே பாக்கல" என்றாள். கணவருக்கு ஒன்றும் புரியவில்லை.

வேலை போகவில்லை. பின்கட்டில் இருந்த பழைய ஆவண அறைக்கு மாற்றினார்கள். கோப்புகளை வருடவாரியாக அடுக்கும் வேலை. கேன்டீனில் அவள் உட்கார்ந்தால் மேசை மெல்லக் காலியாகும். அண்ணா தன் அறையிலேயே சாப்பிட ஆரம்பித்திருந்தார்.

மூன்றாவது மாதம் தணிக்கையாளர் ஒரு கோப்பு கேட்டனுப்பினார். அதை எடுத்தபோதுதான் அந்தத் தாள் கண்ணில் பட்டது. கிரிப்டோ வாங்கியதற்கான உறுதிச்சீட்டு. கிடங்கு விற்ற பணத்தில் நாற்பது சதவீதம். தேதியைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். விவாதத்துக்கு இருபத்திரண்டு நாள் முந்தைய தேதி. கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று எம்.டி.யுடையது. மற்றது, அவள் மகளின் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் சாட்சியாக விழுந்த அதே சாய்ந்த கையெழுத்து.

அவள் துண்டுச்சீட்டு கொடுத்த அன்றைக்கு எல்லாம் முடிந்திருந்தது. 'நீ ரொம்ப நல்லவம்மா' என்று அவர் சொன்ன அன்றைக்கும்.

வேலை விடும் நேரத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்தாள். தாளை நீட்டினாள். அவர் வாங்கிப் பார்க்கவில்லை. பார்க்காமலே அது என்னவென்று அவருக்குத் தெரிந்தது.

"முன்னாடியே வாங்கிட்டாரும்மா. கையெழுத்துப் போடுன்னார், போட்டேன். அப்புறம் காகிதத்துல ஒரு காரணம் வேணும்னார்."

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உடம்பு சரியில்லன்னு அன்னிக்கு லீவு போட்டிருப்பேனே."

அண்ணா வண்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உன்னால தாங்க முடியும்னு நினைச்சேன். உனக்குப் பேச வரும். எனக்கு என்னம்மா வரும்?"

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. நடந்ததையெல்லாம் மூன்று பக்கத்தில் எழுதி, உறுதிச்சீட்டின் நகலையும் வைத்து, ஐந்து இயக்குநர்களுக்கும் அனுப்பினாள். நான்கு பேர் வாயே திறக்கவில்லை. பெரியம்மா மட்டும் கூப்பிட்டார்.

"படிச்சேன்மா. உன்மேல தப்பே இல்ல. எனக்குத் தெரியுது."

"அப்ப அந்தக் குறிப்பை மாத்துங்க பெரியம்மா."

"மாத்தினா பேங்க்காரன் ஏன்னு கேப்பான். கடனை நிறுத்திட்டான்னா முந்நூறு குடும்பம் தெருவுக்கு வந்துடும். நீ புத்திசாலி, புரிஞ்சுக்குவ."

மறுநாள் ராஜினாமா கடிதம் கொடுத்தாள். யாரும் தடுக்கவில்லை. வழியனுப்பும் கூட்டமும் வைக்கவில்லை. பசைப் பிரிவுப் பெண்ணிடம் மட்டும் போய், அந்தத் தேதியைக் காட்டிவிட்டு வந்தாள். அந்தப் பெண் தாளை வாங்கிப் பார்த்தாள். "இதை முன்னாடியே காட்டியிருக்கக் கூடாதா? நாங்க எல்லாரும் உங்களைத் திட்டித் தீர்த்துட்டோமே" என்றாள்.

ஒரு காகித ஆலையில் விற்பனைப் பிரிவில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. பேரத்தில் மேசையின் அந்தப்பக்கம் உட்கார்ந்து பழக நாளாயிற்று. அங்கே யாருக்கும் அவளுடைய பட்டப்பெயர் தெரியாது. மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர்கள் எதையாவது பற்றி வாக்குவாதம் செய்தால், டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

ஒன்றரை வருடம் போயிற்று. கிரிப்டோ மறுபடி ஏறியது. விழுந்ததையெல்லாம் தாண்டி ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் ஒரு வணிகப் பத்திரிகையை விரித்துக்கொண்டு வந்தார். எம்.டி.யின் பேட்டி. எல்லோரும் பயந்தபோது தான் ஒருவராகத் துணிந்து முடிவெடுத்ததாகச் சொல்லியிருந்தார்.

"விழுந்தப்ப உன் யோசனை. ஏறினப்ப அவர் துணிச்சல். இதுல உன் பேரே காணோமே!" என்றார் கணவர், கோபமும் சிரிப்புமாக.

அவளும் சிரித்தாள். பத்திரிகையை வாங்கி, பேட்டியை முழுக்கப் படித்தாள். அவள் அன்று சொன்ன கரையானைக்கூட எம்.டி. எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தின் கீழே ஒரு புகைப்படம் இருந்தது. எம்.டி.க்குப் பக்கத்தில் அண்ணா, கோட்டு போட்டுக்கொண்டு, கையைக் கட்டியபடி. ஓய்வு வயதுக்குப் பிறகும் பணியில் தொடரும் நிதி ஆலோசகர் என்று போட்டிருந்தார்கள். கோட்டு தோளில் நிற்காமல் தொங்கியது.

"ரொம்ப இளைச்சுட்டாரு" என்றாள்.

"யாரு?"

முதலில் அதுதானா தன் கண்ணில் படவேண்டும் என்று அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

"யாரும் இல்ல" என்று பத்திரிகையை மடித்துக் கொடுத்துவிட்டு, முகம் கழுவப் போனாள்.