கேள்விக்கு முன் எரிந்த விளக்கு

உடும்பஞ்சோலைப் பக்கம் எங்கள் எஸ்டேட் சர்ச்சில் வேத வினாடி வினா வைத்தார்கள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் என்பதால், முதலில் யார் அமுக்குகிறார்கள் என்று காட்டும் பெட்டியைச் செய்யும் வேலை என்னிடம் வந்தது. ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் சிப், மூன்று அணிக்கு மூன்று காலிங்பெல் சுவிட்ச், மூன்று விளக்கு. வீட்டு மேசையில் ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

சபையைக் கவனிக்கும் உபதேசியார் முதல் கேள்விக்குத் தொண்டையைச் செருமினார். மூன்றாம் அணியின் விளக்கு எரிந்துவிட்டது. ஏலக்காய் எடுக்கும் பெண்களின் அணி அது. என் சித்திதான் தலைவி.

"கேள்வியே இன்னும் கேக்கலையேம்மா" என்றார் உபதேசியார்.

"நாங்க தொடவே இல்ல ஐயா."

"கேக்குமுன்ன பதில் தெரிஞ்சா அது தீர்க்கதரிசனம்" என்றார் பக்கத்து அணிக்காரர். சர்ச்சே சிரித்தது.

நான் விளக்கை அணைத்தேன். சித்தி மேசையில் கிடந்த வயர்மேல் கையை வைத்தாள். மறுபடி எரிந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லோருக்கும் பால் விடாத கட்டன் சாயா கொடுக்கச் சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

சித்தி டம்ளரோடு வந்து நின்றாள். "ஏட்டி, ஒம் பெட்டிக்கு எம்மேல என்ன கோவம்?"

"சுவிட்சை அமுக்காதப்ப அந்தக் கம்பி எங்கயும் சேராம சும்மா கெடக்கு சித்தி. கைபட்டாலே அமுக்கிட்டதா நெனச்சுக்கிடுது. ஒரு ரெசிஸ்டர் வச்சு அஞ்சு வோல்ட்டோட இழுத்துப் பிடிச்சு வைக்கணும்."

"அதுக்கு இப்ப நெடுங்கண்டம் கடைக்கா போவ?"

"வேண்டாம். சிப்புக்குள்ளயே இருக்கு. அதைப் போடச் சொல்லி ஒரு வார்த்தை எழுதணும். மறந்துட்டேன்."

"இதுக்கு மூணு வருசப் படிப்பு" என்று சொல்லி சாயாவை உறிஞ்சினாள்.

மூன்று சுவிட்சுக்கும் 'புல்-அப்' என்ற அந்த வார்த்தையைச் சேர்த்து, புரோகிராமை மறுபடி ஏற்றினேன். சித்தியை வயர்மேல் கை வைக்கச் சொன்னேன். வைத்தாள், தட்டினாள், முழங்கையையும் ஊன்றிப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை.

போட்டி தொடர்ந்தது. வெள்ளத்தில் மிதந்த பேழையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று உபதேசியார் கேட்டு முடிப்பதற்குள் சித்தி அமுக்கினாள். விளக்கு சரியாக எரிந்தது.

"சொல்லுங்கம்மா."

"அமுக்கிட்டேன் ஐயா. பதில இனிமேத்தான் யோசிக்கணும்."

யோசித்துப் பன்னிரண்டு என்றாள். பக்கத்து அணிக்காரர் எட்டு என்று சொல்லி மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டார்.

சித்தி அணிக்கு மூன்றாம் பரிசு, ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி. வெளியே மழை பிடித்திருந்தது. சித்தி வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பெட்டியைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு, நனைந்தபடி பின்னால் போனேன்.