மண் வேண்டாத மரவாழை

அத்தான் கொண்டுவந்த எதையும் நான் நம்பியதில்லை. தேயிலைப் பொட்டலத்தைக்கூட மோந்து பார்த்துத்தான் உள்ளே எடுப்பேன். மலையாளக்கரையில் பீருமேட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவருக்கு வேலை. அக்காளைக் கட்டிய நாளிலிருந்து, அடுத்த லீவில் மலைக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குடும்பத்தோடு இருக்க அங்கே வீடில்லை, அட்டை கடிக்கும், மலைக்காய்ச்சல் வரும் என்று வருஷத்துக்கு ஒரு காரணம் வரும். அக்காள் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டிலேயே காத்துக் கிடந்தாள். அவர் கூப்பிடுவார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. அவளுக்கும் சேர்த்து நான்தான் சந்தேகப்பட்டேன்.

ஒரு சித்திரையில் அவர் ஒரு செடியோடு வந்தார். மரவாழையாம். வாழைக்கும் அதற்கும் எந்தச் சொந்தமும் தெரியவில்லை. சாண் உயரம்கூட இல்லை. தடித்த இலைகள் இரண்டு வரிசையாக இருந்தன, கீழே மண்புழு மாதிரி வெளுத்த வேர்கள். ஒரு மரத்துண்டில் வைத்துக் கயிற்று நாரால் வரிந்து கட்டியிருந்தது.

வயல்காட்டுக்காரர்களான எங்களுக்குச் செடி என்றால் மண்ணும் சாணமும்தான். அம்மை உடனே ஒரு சட்டியில் எருவும் மண்ணும் கலந்து எடுத்து வந்துவிட்டாள். அத்தான் பதறித் தடுத்தார். மண்ணே ஆகாதாம். துண்டோடு மாங்கொம்பில் கட்ட வேண்டும், காலை வெயில் படலாம், உச்சிவெயில் படக்கூடாது. காலம்பறத் தெளித்த வெள்ளம் அந்திக்குள் காய வேண்டும், குருத்தில் தேங்கினால் அழுகிவிடும். வேர் மாம்பட்டையில் ஏறிய பிறகு பழைய கட்டுகளை அவிழ்த்துவிடலாம். முற்றத்துத் துளசிக்கு ஒரு செம்பு வெள்ளம் ஊற்றச் சொன்னாலே மறக்கிற மனுஷன்! இவருக்கு இவ்வளவும் யார் சொல்லிக் கொடுத்தது என்று அன்றைக்கே எனக்கு உறுத்தியது. அக்காளிடம் சொன்னேன். "ஏட்டி, உனக்குப் பெத்த அம்மையையும் சந்தேகம்தான்" என்று சிரித்தாள்.

இது புல்லுருவி, மாமரத்தை உறிஞ்சிவிடும் என்றும் சொல்லிப் பார்த்தேன். அது மரத்திலிருந்து ஒன்றும் எடுக்கவில்லை, பட்டையைப் பிடித்துக்கொண்டதோடு சரி.

ஆனியில் கணவாய்க் காற்று தொடங்கியதும் வேர்நுனிகள் கருகின. அக்காள் காற்று வரும் பக்கம் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டாள். தேங்காய்க் கதம்பையைக் கீறி, நாரை நனைத்து வேரோரம் செருகினாள். அவர் கையால் கொடுத்தது என்று அப்படி ஒரு பாடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆடிக் கடைசியில் பூங்குலை தலைகாட்டியது. வேரும் பட்டையில் ஏறியிருந்ததால் கட்டுகளை நான் அவிழ்த்தேன். நாருக்கு அடியில், தண்டு நசுங்காமலிருக்க ஒரு துணிக்கீற்றைச் சுற்றியிருந்தார்கள். துணியின் ஓரத்தில் கசவு, பொன்சரிகைக் கரை. மலையாளத்துப் பெண்கள் மேலே போடுகிற நேரியதிலிருந்து கிழித்தது. எங்கள் வீட்டில் யாரும் நேரியது உடுத்துவதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? கொண்டுபோய் அக்காள் முன்னால் நீட்டினேன். அங்கே பக்கத்து வீட்டுக்காரி யாராவது கட்டிக் கொடுத்திருப்பாள் என்றாள். ஆனால் அந்தத் துணியைக் கிணற்றடியில் வெகுநேரம் அலசிக்கொண்டிருந்தாள். பிறகு அதைப் பற்றி என்னை ஒரு வார்த்தை பேச விடவில்லை.

ஓணத்துக்கு முந்தின நாள் அத்தான் வந்தார். பூ முழுக்க விரிந்திருந்தது. வெள்ளையில் ஊதாப் பொட்டு வைத்த சின்னச் சின்னப் பூக்கள், நல்ல மணம். பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தக் குஷியிலேயே சாப்பிட உட்கார்ந்தார். நான் கறிச்சட்டியோடு நின்றேன். அக்காள் சோறு பரிமாறிக்கொண்டே, ஊர்ச் சேதி கேட்பது போலக் கேட்டாள்.

"இத வளத்தவ கைராசிக்காரிதான். அவளுக்குப் பிள்ளைக உண்டுமா?"

"ரெண்டு" என்றார் அத்தான், வாயில் சோற்றோடு.

சொன்ன பிறகுதான் அவர் கை இலையில் நின்றது. அக்காள் அழவில்லை.

"பிள்ளைக ஓணத்துக்குத் தேடும். நாளைக்கு முத பஸ்ஸுல போங்க. இனி இங்க வரண்டாம்" என்றாள். சொல்லிவிட்டு அவர் சோற்றுக்கு மோர் ஊற்றினாள்.

என் சந்தேகம் அந்த ஒருநாள் பொய்த்துப் போயிருந்தால் ஊருக்கெல்லாம் நான் பாயசம் வைத்திருப்பேன்.