பாலாம்பிகை மொழிபெயர்த்த கதை

பாலாம்பிகை லண்டனுக்கு வந்தது எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதத்தில். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள். கணவனும் இறந்து, பிள்ளையும் இல்லாத நிலையில், மனோர் பார்க்கில் இருந்த அக்கா சந்திரவதனாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அத்தான் தியாகராஜா பெற்றோல் நிலையம் ஒன்றுக்குப் பொறுப்பாளர். அவரைக் கெட்ட மனிதர் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கோயிலில் அவருக்கு முன்வரிசை. ஆனால் வீட்டில் குளிருக்கு ஹீற்றரை எப்போது போடுவது, குளியலறையில் யார் எவ்வளவு நேரம் நிற்பது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். பாலாம்பிகை சமைத்தாள், துவைத்தாள், அக்காவின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். எல்லாரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு சாப்பிட்டாள்.

ஒருநாள் கவுன்சில் நூலகம் பழைய புத்தகங்களைக் கழித்து விற்றது. அதில் அட்டை கழன்ற தடித்த தொகுதி ஒன்று அவள் கையில் அகப்பட்டது. ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளில் அமெரிக்காவில் பரிசு பெற்ற சிறுகதைகள். அமெரிக்கா என்றால் வானுயர்ந்த கட்டடமும் துப்பாக்கியும்தான் என்று நினைத்திருந்தவளுக்கு ஆச்சரியம். பனி மூடிய பண்ணைகள், ஆலைத் தொழிலாளர்கள், அயலார் என்ன சொல்வார்களோ என்று பயந்து சாகும் பெண்கள். கறி கொதிக்கிற நேரத்திலும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு நின்றாள்.

அதில் ஒரு கதையில், விதவைத் தங்கை ஒருத்தி அக்காவின் பண்ணை வீட்டில் இருக்கிறாள். அவள் வாசிக்க உட்காரும்போதெல்லாம் அத்தான் வந்து விளக்குத் திரியைக் குறைக்கிறான். அக்கா காலுறை தைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாள். கடைசியில் தங்கை பனிக்குள் நடந்து ரயில் நிலையத்துக்குப் போகிறாள். அவ்வளவுதான் கதை.

பாலாம்பிகை அதைத் தமிழில் எழுதி, பக்கத்து ஊரான பார்க்கிங்கிலிருந்து மாதப் பத்திரிகை நடத்திய வாசுதேவனிடம் கொடுத்தாள்.

“தமிழ் அருமை, ரீச்சர். ஆனா எங்கட சனம் வெள்ளைக்காரப் பேரைக் கண்டா பக்கத்தைப் புரட்டிப்போடும்,” என்றார் அவர்.

பத்திரிகை வந்தபோது, வாசுதேவன் அவளைக் கேளாமலே கதையை மாற்றியிருந்தார். பண்ணை லண்டன் வீடாகியிருந்தது. ஆட்களுக்கெல்லாம் தமிழ்ப் பெயர். விளக்கு ஹீற்றராகியிருந்தது. மூலத்தை எழுதிய பெண்ணின் பெயரும் இல்லை, மொழிபெயர்ப்பு என்ற சொல்லும் இல்லை. மேலே ‘பாலாம்பிகை’ என்று மட்டும் கொட்டை எழுத்தில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலில் யாரோ தியாகராஜாவிடம், “என்ன அண்ணை, வீட்டில ஹீற்றர் போட்டிருக்கோ?” என்று கேட்டுச் சிரித்துவிட்டார். அவர் வீட்டுக்கு வந்ததும் பத்திரிகையை மேசையில் எறிந்தார்.

“அத்தான், இது அறுபது வருசத்துக்கு முந்தின அமெரிக்கக் கதை. புத்தகம் கிடக்கு, காட்டுறன்.”

“அப்ப என்ர ஹீற்றர் அமெரிக்காவிலயோ கிடக்கு?”

அந்தக் கிழமையே அவள் அக்கா வீட்டை விட்டு, பார்க்கிங்கில் ஒரு வாடகை அறைக்குப் போனாள். பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் வேலை கிடைத்தது. திருத்தம் போடச் சொல்லி வாசுதேவனிடம் கேட்டாள். “அடுத்த மாதம் கட்டாயம்,” என்றார். அடுத்த மாதம் வந்தது வேறு செய்தி: அந்த ஆண்டின் சிறந்த சிறுகதைக்கான பரிசு அவளுக்கு.

பரிசளிப்பு விழாவில் மேடையில் ஏறி, “இது என்ர கதை இல்லை. அமெரிக்காவில ஒரு பெண் எழுதி, அங்கேயே பரிசு வாங்கின கதை,” என்று சொன்னாள். மண்டபம் கைதட்டியது. எவ்வளவு அடக்கம் என்றார்கள் சிலர். அத்தானுக்குப் பயந்து மாற்றிப் பேசுகிறாள் என்றார்கள் வேறு சிலர். வாசுதேவன் மாலையோடு பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து, யாருக்கும் சொல்லாமல் சந்திரவதனா அந்த அறைக்கு வந்தாள். கட்டில் ஓரத்தில் கோட்டைக் கழற்றாமலே இருந்தாள்.

“நீ விட்டிட்டுப் போன புத்தகத்தை மூத்தவள் எனக்கு வாசிச்சுத் தமிழில சொன்னவள். நீ சொன்னது உண்மைதான்.”

பாலாம்பிகைக்கு நெஞ்சு லேசாகியது. தேநீர் போட எழும்பினாள்.

“இரு. அந்தப் புத்தகத்தில எத்தினை கதை கிடந்தது. ஏன் இதைத் தெரிஞ்செடுத்தனி?”

பாலாம்பிகை எடுத்த கேத்தலைத் திரும்பக் கீழே வைத்தாள்.

“காலுறை தைச்சுக்கொண்டு சும்மா இருந்தாளே ஒருத்தி, அது நான்தானே. அவர் தன்னைப் பற்றி எழுதினதெண்டு குதிக்கிறார், விசரன். நீ எழுதினது என்னைப் பற்றி. சமைக்கேக்க குசினிக்க வைச்சு என்ர முகத்துக்கு நேர சொல்லியிருக்கலாமே. ஊரைக் கூட்டித்தானோ சொல்ல வேணும்?”

“சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களோ அக்கா?”

சந்திரவதனா கோட்டின் பொத்தானைப் பூட்டினாள். “இல்லை,” என்றாள். பிறகு எழும்பிப் போய்விட்டாள்.

வாசுதேவன் இன்னொரு கதை கேட்டுப் பலமுறை போன் எடுத்தார். பாலாம்பிகை கொடுக்கவில்லை, பிறகு ஒன்றும் மொழிபெயர்க்கவுமில்லை. தொண்ணூற்றாறில் அக்காவின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நடந்தது. பாலாம்பிகைக்கு அழைப்பு இல்லை. அடுத்த கிழமை பார்க்கிங் சந்தையில் தெரிந்த ஒருத்தி கண்டு, “ஏன் ரீச்சர், கல்யாணத்தில உங்களைக் காணேல்லை?” என்று கேட்டாள். ஷிப்ட் இருந்தது என்று சொல்லிவிட்டு, பாலாம்பிகை குனிந்து வெங்காயம் தெரிந்தெடுக்கத் தொடங்கினாள்.