என் மச்சான் கேட்காமல் போன கேள்வி

இதை எழுத வேண்டும் என்று நோட்டை எடுப்பதும் மூடி வைப்பதுமாகவே ஏழு வருஷம் போய்விட்டது. எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவன் நான். ஆனால் என் தயக்கம் படிப்புக் குறைவால் வந்ததில்லை. பயம்தான்.

கீரப்பாளையம் பக்கத்தில் எங்கள் ஊர். என் மனைவியின் தம்பி ஒரு தடவை எம்.எல்.ஏ.வாக இருந்தார். எதிர்க்கட்சி, அதிலும் புதுசு. சட்டசபையில் கடைசி வரிசையில்தான் இடம். எங்கள் தெருவுக்கும் அம்மன் கோயிலுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதன்மேல் ரெண்டு பனைமரத்தைப் போட்டு நடந்துகொண்டிருந்தோம். அங்கே பாலம் கட்ட அரசு முன்வருமா என்று மச்சான் கேள்வி எழுதிக் கொடுத்திருந்தார். எழுதிக் கொடுக்கிற கேள்வியெல்லாம் சபைக்கு வந்துவிடாது. இது பட்டியலில் ஏற ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அக்காவை மந்திரியாக வைத்துக்கொண்டு பேசிப் பழகுவார். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும், குந்துடா" என்பாள்.

கேள்வி வந்த நாளும் கோயில் கும்பாபிஷேகமும் ஒரே நாளாக அமைந்துவிட்டன. அப்போது நான்தான் தர்மகர்த்தா. தர்மகர்த்தா வீட்டு மச்சான் கலசக் குடத்தைச் சுமந்து மேலே ஏற வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். மச்சான் போனில் தயங்கினார். பேர் கூப்பிடும்போது கேட்டவர் எழுந்து நிற்காவிட்டால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள் என்றார். பங்காளி யாராவது ஏறட்டுமே, ஆத்தா தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள் என்று என் மனைவியும் சொன்னாள். அவளை அதட்டி உட்கார வைத்தேன்.

"ஆத்தாவுக்கு மொதல்ல பதில் சொல்லு மச்சான். மந்திரி எங்க போயிடப் போறாரு?" என்றேன்.

விடியும்போது சிதம்பரத்தில் ரயில் இறங்கி வந்துவிட்டார். சட்டையில்லாமல், ஈர வேட்டியோடு சாரத்தில் நின்று அவர் குடத்தைச் சாய்த்தபோது நான் கைகூப்பி அழுதேன். கீழே இறங்கியதும் போனைப் பார்த்தார். சபையில் பக்கத்து இடத்துக்காரர் செய்தி அனுப்பியிருந்தார். கேள்வி எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டு, உறுப்பினர் இல்லை என்று அடுத்ததற்குப் போய்விட்டார்களாம். மச்சான் போனை மடியில் செருகிக்கொண்டு, "தீர்த்தம் குடுங்க மாமா" என்றார். 

மறுபடியும் எழுதிக் கொடுத்தார். அது பட்டியலுக்கே வரவில்லை. கார்த்திகை மழையில் வாய்க்கால் தளும்ப ஓடியது. சாயங்காலம் விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோன என் மனைவி பனைமரத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள். மதகுக்கிட்டே கிடைத்தாள். எண்ணெய்த் தூக்கு விரலிலேயே மாட்டியிருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் டீக்கடையில் ஒருவர் சொன்னார், "கூடப் பொறந்தவ நடக்கற எடத்துக்கு ஒரு பாலம் கேட்டு வாங்கத் துப்பில்ல. கடசி பெஞ்சில குந்திகினு தூங்கறதுக்கா மெட்ராஸ் போறாரு?"

நான் அங்கேதான் இருந்தேன். கேள்வி வரும் நாள் ஊரில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். அதில் ஒருத்தி போய்விட்டாள். நான்தான் அவரை இழுத்து வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சானும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அடுத்த தேர்தலில் எங்கள் ஊரிலேயே அவருக்கு ஓட்டு விழவில்லை.

அன்றைக்கு அவர் எழுந்து கேட்டிருந்தால் பாலம் வந்திருக்குமா? எனக்குத் தெரியாது. மந்திரி முடியாது என்றுகூடச் சொல்லியிருப்பார். ஆனால் கேட்டார் என்ற பேராவது மச்சானுக்கு இருந்திருக்கும்.

இப்போது அங்கே பாலம் இருக்கிறது. பின்னால் வந்தவருடைய பேர் கல்லில் இருக்கிறது. தினமும் அதன்மேல் நடந்துபோய் விளக்கேற்றுகிறேன். கடலூரோடு இருந்துவிட்ட மச்சான் அக்கா திதிக்கு மட்டும் வருகிறார். போன திதியில், ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் இலையை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேணாம் மாமா. அப்புறம் அந்தக் கோயில்ல ஒங்கள வெளக்கு ஏத்த வுடுவாங்களா? அது அக்கா வெளக்கு."

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆத்தா சன்னதியில் உட்கார்ந்துதான் இதை எழுதினேன். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது, பாவம், பக்தியில் செய்துவிட்டான் என்று எனக்காக ஒன்றும் சேர்க்க வேண்டாம். அவர் தயங்கினார், அவள் வேண்டாம் என்றாள், நான் வரவழைத்தேன். இருக்கிறபடியே சொல்லுங்கள்.