வியாழக்கிழமை வாசனை

முதலில் அந்த அம்மாளைக் கண்டாலே எனக்கு ஆகாது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

தோன்யா நெரெய்தா. எங்கள் பிராங்ஸ் பேட்டையில் வயதான பெண்களை "தோன்யா" போட்டுத்தான் கூப்பிடுவோம். முப்பது வருஷம் சலவைக்கடையில் துணி மடித்தவர், அறுபது வயதில் கிளினிக்கின் பையை மாட்டிக்கொண்டு, இழுப்பு உள்ள பிள்ளைகளின் வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்தார். லிஃப்ட் ஓடாத எங்கள் கட்டடத்தில் வியாழன்தோறும் ஐந்து மாடி. வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர். அப்புறம் என் மகள் நஷாலி மருந்தை ஒழுங்காக இழுக்கிறாளா என்று பார்ப்பார். அளவுக் குழாயில் ஊதச் சொல்லி எண்ணைத் தாளில் குறிப்பார்; மற்ற நாட்களில் நான் குறித்து வைப்பேன்.

நஷாலிக்கு ஒன்பது வயது. பிடித்ததோ டிரம்பெட்! ஜூன் மாத ஊர்வலத்தில் பள்ளி பேண்டோடு தனியாக ஒரு துண்டு வாசிக்க அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "கடைசி வாரம் ஒருநாள்கூட எண் தாளில் இருக்கிற பச்சைக்கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் டிரம்பெட் கிடையாது."

ஆனால் வியாழக்கிழமை ஆனால் போதும், பிள்ளைக்கு நெஞ்சு கீச்சுக் கீச்சென்று இழுக்கும். மூன்றாவது வியாழன் எனக்குப் பொறுக்கவில்லை.

"தோன்யா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க வந்தாலே எம்பொண்ணுக்கு முட்டுது. உங்க கண்ணுதான்!"

அவர் கோபப்படவில்லை. தாளை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். "அட ஆமா யஹைரா! வியாழக்கிழமை மட்டுந்தான் எறங்குது. நாந்தான் காரணம்! ஏன்டி, நான் வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணுவ?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "விருந்தாளி வர்ற வீடாச்சே! பிளீச் ஊத்தி மூலை முடுக்கெல்லாம் தொடைப்பேன். அதுக்கு மேல லாவண்டர். மணம் கீழ்ப்படி வரைக்கும் வரணும். இல்லன்னா ஊர் என்னைப் பொம்பளைன்னு சொல்லுமா?"

நெரெய்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என் பையன் எஃப்ராயின் போன அன்னைக்கும் என் வீடு அப்படித்தான் மணந்துச்சு. ஆறு வயசு. அவனுக்கு முட்ட முட்ட, வீடு சுத்தமில்லையோன்னு நான் இன்னும் தொடைச்சேன். அந்த நெடிதான் காரணம்னு அப்ப எனக்குச் சொல்ல ஆளில்ல." அவ்வளவுதான் சொன்னார். அன்றே பாட்டில்களைக் கட்டி அவர் பையில் போட்டேன்.

கடைசி வாரம் வந்தது. திங்கள் பச்சை. செவ்வாய் பச்சை. வியாழனும் பச்சை! நான் அடுப்படியில் ஒரு ஆட்டமே போட்டேன். ஆனால் சனிக்கிழமை வந்தால் கட்டடம் முழுக்கப் படியில் பிளீச் ஊற்றுவார்களே! நெரெய்தா கதவு கதவாகத் தட்டினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

இரண்டாம் மாடிக்காரி இடுப்பில் கை வைத்தாள். "மணம் இல்லன்னா தொடைச்சது யாருக்குத் தெரியும்?"

"காலால தேச்சுப் பாரு, தெரியும்!" என்றார் நெரெய்தா. மாடியே சிரித்தது. அந்தச் சனிக்கிழமை பத்து வீடும் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டன.

மாலையில், மறுநாள் ஊர்வலம் பார்க்க, சொந்த ஊரான போன்ஸேயிலிருந்து என் நாத்தனார் மிக்தாலியா வந்து இறங்கினாள். வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள். "என்னடி, வீடு தொடைக்கறதையே விட்டுட்டியா? ஒரு வாசனையும் காணோம்!"

பதினான்கு வருஷமாக அவள் வாயில் விழாமல் காத்த மானம்! எனக்குக் காது சுட்டது. கீழே கடையில் ஒரு பாட்டில் வாங்க எத்தனை நேரம் ஆகும்? பக்கத்து அறையில் நஷாலி டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தொடைச்சேன் அண்ணி. வெறும் சோப்புத் தண்ணிதான். இனிமேலும் அப்படித்தான்."

ஞாயிறு காலை நஷாலி அளவுக் குழாயில் ஊதினாள். பச்சை! "அம்மா! அம்மா!" என்று அவள் கத்தின கத்தலில் மிக்தாலியாவின் காப்பி சிந்திப்போயிற்று.

தெருவெல்லாம் கொடி, மேளம். பேண்ட் எங்கள் முன்னால் வந்து நின்றது. நஷாலி டிரம்பெட்டை உயர்த்தினாள். நெரெய்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கடைசிச் சுரம் நீண்டது... இன்னும் நீண்டது. அவர் நெஞ்சு அசையவே இல்லை. பிள்ளை கையை இறக்கிய பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

"ஒரே மூச்சுலடி யஹைரா! ஒரே மூச்சுல ஊதிட்டா!"

குதித்தார், அழுதார், என்னைக் கட்டிக்கொண்டார். அப்புறம் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல், "பாத்தியா எஃப்ராயின்?" என்றார்.