ஆஷ்தி கேட்ட பர்வீன் ஆன்ட்டி

சுவருக்கு அந்தப் பக்கம் தரையில் கம்பு இடிக்கும், பிறகு பீப்பாய்க்குள்ளிருந்து பேசுவது போல ஓர் ஆண் குரல் எழும்பும். அதைக் கேட்டுக் கேட்டே பத்து வயதில் பாரசீகம் கற்றுக்கொண்டவன் நான். பொய்தான். எனக்குத் தெரிந்தது இரண்டே வார்த்தை, அதிலும் ஒன்று தப்பு. பள்ளிக்கூடம் பாதியில் இறக்கிவிட்டுப் போன பிறகு, நின்றுபோன கார்களை இழுத்துப் போகும் டோ டிரக் ஓட்டிப் பிழைக்கிறவன் காவியத்தைப் பற்றி எழுதினால் இவ்வளவுதான் கிடைக்கும்.

சன்னிவேலில் எங்களுக்கு இரண்டு அறை அபார்ட்மென்ட். வாப்பா, உம்மா, நான், வாப்பாவின் தம்பியான சாச்சா. ஈராக் யுத்தம் தொடங்கி, டிவியில் பாலைவனத்து ராத்திரி பச்சையாக எரிந்துகொண்டிருந்த 2003-ன் வசந்தகாலம் அது. அக்கம்பக்கத்துக்குப் பயந்து சத்தத்தை அடக்கிவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்போம். வாயசைக்கிற சிப்பாய்களுக்கு அடுத்த வீட்டுக் குரல் அப்படியே பொருந்திவரும்.

அடுத்த வீட்டில் இருந்ததோ, கம்பெனி ஷட்டில் பஸ் ஓட்டுகிற, ஒட்டடைக்குச்சி மாதிரியான பர்வீன் ஆன்ட்டி மட்டும். ஈரான்காரர். அந்த வீட்டுக்குள் எந்த ஆணும் போய் நாங்கள் பார்த்ததில்லை. உம்மா அதை "ஜின்" என்று சொல்லி ஓதி ஊதிக்கொள்வாள். நான் கண்ணாடி டம்ளரைச் சுவரில் வைத்துக் காதைக் கொடுப்பேன். "ஜங்" என்றால் சண்டை, அது இந்திப் படங்கள் தந்த படிப்பு. "ஆஷ்தி" என்று வரும்போது குரல் கெஞ்சும்; அது நம்ம ஊர் "ஆஸ்தி"தான் என்று முடிவு கட்டிவிட்டேன், ராஜாக்கள் வேறெதற்கு அடித்துக்கொள்ளப் போகிறார்கள். ஜங், ஜங் என்று குரல் ஏறி, அடி விழவேண்டிய இடத்தில் சட்டென்று நின்றுவிடும். மறுநாளும் அதே இடத்தில் நிற்கும். அதற்குப் பிறகு வரும் அமைதியில், அந்தப் பக்கமும் யாரோ டம்ளரை வைத்து எங்களைக் கேட்டுக்கொண்டிருப்பது போலத் தோன்றி, டம்ளரை எடுத்துவிடுவேன்.

எங்கள் வீட்டிலும் ஆஸ்திச் சண்டைதான். கீழக்கரையிலிருக்கும் தென்னந்தோப்பைப் பிரிப்பதில் வாப்பாவும் சாச்சாவும் முறைத்துக்கொண்டு மாதக்கணக்காகப் பேச்சில்லை. ரசத்தை நகர்த்தச் சொல்வதற்கும் நான்தான் தூதன். ஒரு சாயங்காலம் சாச்சா சூட்கேசை இழுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். நியூ ஜெர்சிக்குப் போகிறாராம், அங்கிருந்தபடியே ஊர் வக்கீலை வைத்து வாப்பா மேல் கேஸ் போடுவாராம். வாப்பா எழுந்து, போனால் போனதுதான், இனி என் மய்யித்தைத் தூக்கவும் வரவேண்டாம் என்றார். எனக்குச் சைக்கிள் பிடித்துவிட, என் அசட்டு ஜோக்குகளுக்குச் சிரிக்க அந்த வீட்டில் சாச்சாவை விட்டால் ஆளில்லை. இரண்டு குரலும் ஏறிக்கொண்டே போன அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல் நின்றது. கதவு தட்டப்பட்டது.

பர்வீன் ஆன்ட்டி கையில் கம்போடு நின்றார். இருவரையும் மாறி மாறிப் பார்த்து, அதே பீப்பாய்க் குரலில், "ஆஷ்தி" என்றார். ஜின் அந்த ஒல்லி உடம்புக்குள்தான் இருந்திருக்கிறது.

"என்னடா கேக்குது?" என்றார் வாப்பா. வீட்டில் பாரசீகப் பண்டிதன் நான்தானே.

"ஆஸ்தியைக் கேக்குறாங்க வாப்பா."

"யாரு ஆஸ்தியை?"

"நம்ம தோப்பைத்தான்."

சாச்சா சூட்கேஸ் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "பேசாம இவங்களுக்கே எழுதிக் குடுத்துருவோம் காக்கா. ரெண்டு பேருக்கும் நிம்மதி." எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம், அத்தனை மாதத்தில் அவர் வாப்பாவை அப்படிக் கூப்பிட்டது அன்றுதான். வாப்பா சிரிப்பைத் தாடிக்குள் அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனார்.

ஆன்ட்டி சிரிக்கவில்லை. உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்: ஆஷ்தி என்றால் சமாதானமாம். அவர் ஊர்க் கதைசொல்லிகளைப் போலக் கம்பைத் தட்டிக் குரலை மாற்றி அவர் படிப்பது பழைய பாரசீக யுத்தக் காவியம். அதில் எதிர்த்து நிற்பவர்கள் பாதிப் பேர் ஒரே ரத்தம். சண்டைக்கு முன்னால் யாராவது ஆஷ்திக்குக் கெஞ்சுவார்கள், ஒருவரும் கேட்கமாட்டார்கள், கடைசியில் ஜெயித்தவனே பிணத்தைக் கட்டிக்கொண்டு அழுவானாம். அந்தப் பக்கத்துக்குப் போக மனசு வராமல்தான் தினமும் நிறுத்துகிறார். இன்றைக்கு எப்படியும் படித்துவிடுவது என்று உட்கார்ந்தால், தன்னுடைய வரிகளையே யாரோ புரியாத பாஷையில் சுவருக்கு இந்தப் பக்கம் பேசுவது கேட்டதாம்.

"நான் பக்கத்தைத் திருப்பினா இங்க ஒருத்தர் விழுந்துருவார்," என்றார்.

ஹாலில் சத்தமில்லாத டிவி மட்டும் பச்சையாக எரிந்தது. வாப்பா, புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லும்படி என்னிடம் சொன்னார். சாச்சா சூட்கேசைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்.

தோப்பை இன்றுவரை பிரிக்கவில்லை. அந்த அபார்ட்மென்ட்டை இடித்துக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள், பர்வீன் ஆன்ட்டி எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது, இப்போது நாங்கள் இருக்கும் வீட்டில் யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. ஆனால் ஆன்ட்டி வீட்டைக் காலி செய்து போவதற்கு முந்தின நாள், திருப்பாமல் வைத்திருந்த அந்தப் பக்கத்தைப் படித்தார். நான் கேட்டேன். குரல் ஏறியது, வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டியது, அதே நேரம் எங்கள் ஹாலில் வாப்பா...

சாச்சா தோளைத் தட்டுகிறார்: "டேய், எழுதுனது போதும், கெளம்பு. டயாலிசிஸ் முடிஞ்சு காக்கா வெளிய நிக்கிறாரு, லேட்டா போனா என்னையத்தான் திட்டுவாரு."